லினக்ஸில் 4ஜி டாங்கிள் ஒரு நாளில் பத்து முறை அறுகிறது: எங்கிருந்து தேடுவது?

கருந்திரை:

வணக்கம். டெபியன் 12 ஓடும் மடிக்கணினி. கியூஎம்ஐ என்ற மோடம் கட்டளை முறையில் வேலை செய்யும் 4ஜி யூஎஸ்பி டாங்கிள். இணைப்பை நெட்வொர்க்மேனேஜரும் மோடம்மேனேஜரும் கவனிக்கின்றன, வேறு டயலர் நிரல் எதுவும் இல்லை. பேட்டரி நீடிப்பதற்காக டிஎல்பி நிறுவப்பட்டுள்ளது. சிக்கல் மூன்று விதமாக வருகிறது.

ஒன்று: இணைப்பு சட்டென்று அறுந்து, பட்டியலிலிருந்து மோடமே காணாமல் போகிறது. சில நேரம் அரை நிமிடத்தில் தானே திரும்புகிறது, சில நேரம் பிடுங்கிச் செருகினால்தான் வருகிறது. பெரிய கோப்புகளை அனுப்பும்போது இது அதிகம்.

இரண்டு: இணைந்திருப்பதாகவே ஐகான் காட்டும். சில தளங்கள் உடனே திறக்கும், சில தளங்கள் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கும்.

மூன்று: தொலைவில் உள்ள கணினியோடு திறந்த எஸ்எஸ்ஹெச் முனையத்தைப் பத்து நிமிடம் தொடாமல் விட்டால் உறைந்துவிடுகிறது. உலாவி அப்போதும் வேலை செய்கிறது.

அதே சிம்மைக் கைபேசியில் போட்டால் ஒரு குறையும் இல்லை. டிஎன்எஸ் முகவரியை மாற்றிப் பார்த்தாயிற்று. ஏபிஎன் (சேவை நிறுவனத்தின் இணைய வாசல் பெயர்) சரி. கர்னலைப் புதுப்பிப்பதா, டாங்கிளையே மாற்றுவதா?

நுண்ணலை:

இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். மூன்று அறிகுறிகளையும் நீங்களே பிரித்து எழுதியது பாதி வேலையை முடித்துவிட்டது, ஏனென்றால் அவை மூன்றும் வெவ்வேறு அடுக்கில் நடக்கின்றன. கீழிருந்து மேலாக: யூஎஸ்பி, அதன் மேல் மோடம் வலையமைப்பில் பதிவாகி இருப்பது, அதன் மேல் டேட்டா பேரர் (தரவு போக வலையமைப்பு தரும் தடம்), அதன் மேல் ஐபி, கடைசியாக வழியில் சேவை நிறுவனம் வைத்திருக்கும் நேட் (ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தரும் அமைப்பு). எந்த அடுக்கு அறுந்தாலும் திரையில் தெரிவது "இணையம் இல்லை" என்ற ஒன்றுதான். அதனால்தான் டிஎன்எஸ் மாற்றுவது, மறுபடி நிறுவுவது என்று கைக்கு வந்ததைச் செய்யத் தோன்றுகிறது.

அறுந்த அந்த நொடியில் என்ன நடந்தது என்பதை முதலில் பிடியுங்கள். மூன்று முனையங்களைத் திறந்து வையுங்கள். முதலாவதில் கர்னல் லாக்: டிமெசேஜ் கட்டளையை நேரக்குறியோடு, தொடர்ந்து ஓடும்படி. இரண்டாவதில் ஜர்னல்சிடிஎல், மோடம்மேனேஜர் யூனிட்டுக்கு மட்டும். மூன்றாவதில் அதே கட்டளை, நெட்வொர்க்மேனேஜருக்கு. இணைப்பு போனதும் மூன்றிலும் எந்த வரி முதலில் வந்தது என்று பாருங்கள். பிந்தி வந்த வரிகள் பெரும்பாலும் விளைவுதான்.

கர்னலில் முதலில் "யூஎஸ்பி டிஸ்கனெக்ட்" வந்து, சில நொடியில் புதிய சாதன எண்ணோடு அதே டாங்கிள் திரும்பினால், மோடம் மின்சாரம் இழந்திருக்கிறது அல்லது தன்னைத்தானே மறுதொடக்கம் செய்திருக்கிறது. அதோடு பிழை எண் −71 வந்தால் யூஎஸ்பி தடத்தில் தரவு சிதைகிறது, −110 வந்தால் சாதனம் பதிலே தரவில்லை. இந்த இரண்டுக்கும் நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் மருந்து கிடையாது.

கர்னல் அமைதியாக இருந்து, மோடம்மேனேஜரில் பதிவு நிலை "ஹோம்" என்பதிலிருந்து "சர்ச்சிங்" என்று மாறினால் டவர் கையை விட்டுப் போயிருக்கிறது. அணுகல் முறை எல்டிஇயிலிருந்து (4ஜி) யூஎம்டிஎஸ் என்று மாறினால் 3ஜிக்கு இறங்கியிருக்கிறது. பதிவு நிலைத்திருக்க, மோடம் நிலை மட்டும் "கனெக்டட்" என்பதிலிருந்து "ரெஜிஸ்டர்ட்" என்று இறங்கினால், பேரரை வலையமைப்பே முடித்துவிட்டது. இதைக் கண்டால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சரியாக இத்தனை மணிக்கு ஒருமுறை என்று வந்தால் அது சேவை நிறுவனத்தின் அமர்வு வரம்பு. உங்கள் கணினியில் அதைத் திருத்த முடியாது, தானே மறுபடி இணையும்படி மட்டும் செய்யலாம்.

மூன்று லாக்கிலும் ஒன்றும் வராமல் பக்கம் மட்டும் திறக்காவிட்டால் ஐபி அடுக்கிலோ அதற்கு மேலோ தேடுங்கள்.

இதோடு சிக்னல் எண்களும் வேண்டும். மோடம்மேனேஜரின் கட்டளை நிரலான எம்எம்சிஎல்ஐ காட்டும் சதவீதத்தை நம்பாதீர்கள். அது ஒரே எண்ணில் சுருக்கியது, பழைய அளவீடாகவும் இருக்கலாம். "சிக்னல்-செட்டப்" என்ற தெரிவுக்கு 10 கொடுத்தால் 10 நொடிக்கு ஒருமுறை மோடம் அளக்கும். பிறகு "சிக்னல்-கெட்" கொடுத்தால் ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் பலம்), ஆர்எஸ்ஆர்கியூ (சிக்னல் தரம்), எஸ்என்ஆர் (இரைச்சலை விடச் சிக்னல் எவ்வளவு மேலே) மூன்றும் தனித்தனியாக வரும். நல்ல நேரத்திலும் கெட்ட நேரத்திலும் எடுத்து இங்கே போடுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம்: லாக்கைப் பொதுவெளியில் இடுமுன் ஐஎம்இஐ (சாதன அடையாள எண்), ஐஎம்எஸ்ஐ (சிம் அடையாள எண்), தொலைபேசி எண் மூன்றையும் அழித்துவிடுங்கள். மோடம்மேனேஜரை டீபக் நிலைக்கு ஏற்றினால் அவை எழுத்து மாறாமல் பதிவாகக்கூடும்.

சுருள்கம்பி:

நுண்ணலை சொன்னபடியே லாக் எடுங்க. நான் யூஎஸ்பி பக்கத்தை மட்டும் சொல்றேன், ஏன்னா "அனுப்பும்போது அதிகம்"னு நீங்க எழுதினதே பெரிய துப்பு.

யூஎஸ்பி 2.0 துறை தர வேண்டிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், 3.0 துறைக்கு 900. எல்டிஇ மோடம் சும்மா இருக்கும்போது கொஞ்சம்தான் இழுக்கும். டவர் தூரத்துல இருந்து முழு பலத்துல அனுப்பும்போது நொடிக்கும் குறைஞ்ச நேரத்துக்கு 500ஐத் தாண்டிடும். அந்த நேரத்துல துறையில வோல்டேஜ் இறங்கினா மோடம் செத்துப் பிழைக்கும். கர்னல்ல தெரியறது டிஸ்கனெக்ட் ஒண்ணுதான்.

நீட்டிப்புக் கேபிள் போட்டிருந்தா அதைச் சந்தேகப்படுங்க. கணக்கு எளிது. மலிவான கேபிள்ல மின்கம்பி 28 ஏடபிள்யூஜி (கம்பித் தடிமன் அளவு, எண் கூடினா கம்பி மெலிசு). மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம். 3 மீட்டர் கேபிள்னா போக வர 6 மீட்டர், 1.3 ஓம். 0.7 ஆம்பியர் ஓடினா 0.9 வோல்ட் கேபிள்லயே போயிடும். துறையில 5 வோல்ட் இருந்தாலும் டாங்கிளுக்குக் கிடைக்கிறது 4.1. அதே நீளத்துல 24 ஏடபிள்யூஜி மின்கம்பின்னா இழப்பு 0.35 வோல்ட்தான். கேபிள் உறை மேல "28/24"னு இருந்தா தரவுக்கு 28, மின்சாரத்துக்கு 24னு அர்த்தம். வாங்கும்போது அந்த எழுத்தைத் தேடுங்க, மேல் உறையோட தடிமனைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

சோதனை: தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒண்ணு எடுத்து, அதுல டாங்கிளைச் செருகி, பெரிய கோப்பு ஒண்ணை 20 நிமிஷம் அனுப்புங்க. துண்டிப்பு நின்னா மின்சாரம்தான் காரணம். அப்பவும் அறுந்தா டாங்கிள் சூட்டையும் ஃபர்ம்வேரையும் பாருங்க.

அடுத்தது ஆட்டோசஸ்பெண்ட். ஹப் தவிர பெரும்பாலான யூஎஸ்பி சாதனங்களுக்குக் கர்னல் தானா இதைப் போடாது. டிஎல்பியும், பவர்டாப்பின் ஆட்டோ-டியூனும் போடும். போட்டுட்டா 2 நொடி சும்மா இருந்தாலே சாதனத்தைத் தூங்க வைக்கும். சில மோடம் ஃபர்ம்வேர் தூக்கத்துல இருந்து சரியா எழாது. சிஸ் அடைவுக்குள்ள பஸ், யூஎஸ்பி, டிவைசஸ்னு இறங்கி, உங்க டாங்கிளோட அடைவுல பவர் அடைவுக்குள்ள இருக்கிற "கண்ட்ரோல்" கோப்பைப் படிங்க. "ஆட்டோ"ன்னு இருந்தா தூங்க அனுமதி இருக்கு. "ஆன்"னு எழுதினா அனுமதி போச்சு. ஆனா பிடுங்கிச் செருகினா அது பழைய நிலைக்குப் போயிடும். நிரந்தரமா வேணும்னா டிஎல்பி அமைப்புக் கோப்புல "யூஎஸ்பி_எக்ஸ்க்ளூட்_டபிள்யூவான்" வரியை 1 ஆக்குங்க. அது டாங்கிளை அடையாளம் காணலைன்னா, எல்எஸ்யூஎஸ்பி காட்டுற தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் "யூஎஸ்பி_டினைலிஸ்ட்" வரியில போடுங்க. சாதன எண்ணை டாங்கிள் முழுசா எழுந்த பிறகு எடுங்க. செருகினதும் முதல்ல குறுந்தட்டு மாதிரி ஒரு எண்ணோட வரும், யூஎஸ்பி-மோடுஸ்விட்ச் திருப்பின பிறகுதான் மோடம் எண் வரும்.

கருந்திரை:

இரண்டு நாள் லாக் எடுத்தேன். 14 துண்டிப்பில் 9 முறை கர்னலில் டிஸ்கனெக்ட்தான் முதல் வரி, அதில் 6 முறை −71 பிழையும் வந்தது. 9ல் 8 அனுப்பும்போது நடந்தவை. மீதி 5 முறை கர்னல் அமைதி. எல்டிஇயிலிருந்து யூஎம்டிஎஸ் போய், ஒரு நிமிடம் கழித்து திரும்புகிறது.

டாங்கிள் 3 மீட்டர் கேபிளில் ஜன்னலோரம் இருக்கிறது. கேபிளில் 28 என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. கண்ட்ரோல் கோப்பில் "ஆட்டோ". சிக்னல்: ஆர்எஸ்ஆர்பி −109, ஆர்எஸ்ஆர்கியூ −14, எஸ்என்ஆர் 1. கேபிள் இல்லாமல் மடிக்கணினியில் நேராகச் செருகினால் ஆர்எஸ்ஆர்பி −113, எஸ்என்ஆர் −3. அப்போது யூஎஸ்பி துண்டிப்பு குறைகிறது, ஆனால் 3ஜிக்கு அடிக்கடி போகிறது.

சுருள்கம்பி:

அப்போ ஜன்னலை விடாதீங்க, கேபிளை விடுங்க. 28/24 கேபிள், முடிஞ்சா 1.5 மீட்டருக்குள்ள. இல்லைன்னா அடாப்டர் உள்ள ஹப்பை ஜன்னலோரம் வச்சு, நீளமான கேபிள் கணினிக்கும் ஹப்புக்கும் நடுவுல போகட்டும். மின்சாரம் ஹப்புல இருந்தே வர்றதால அந்தக் கேபிள் தரவை மட்டும் சுமக்கும். யூஎஸ்பி 2.0 கேபிள் மொத்தம் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. "ஆட்டோ"வையும் இன்னைக்கே நிறுத்திடுங்க.

அலைவரி:

இந்த இழையில் இன்னும் யாரும் சேர்த்துப் பார்க்காத ஒன்று இருக்கிறது. 9 யூஎஸ்பி துண்டிப்பும் 5 ரேடியோ துண்டிப்பும் ஒரே வேரிலிருந்து வருகின்றன.

எல்டிஇ சாதனம் எவ்வளவு பலத்தில் அனுப்ப வேண்டும் என்பதை டவர்தான் கட்டளையிடுகிறது. சிக்னல் நன்றாக இருந்தால் சில மில்லிவாட்டே போதும். −109ல் சாதனம் பெரும்பாலும் தன் உச்சத்தில், 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட்டில் கத்திக்கொண்டிருக்கும். அந்த 200 மில்லிவாட்டை வெளியே தள்ள உள்ளே இருக்கும் பெருக்கி பல மடங்கு மின்சாரம் தின்னும், சூடும் ஏறும். சுருள்கம்பி சொன்ன வோல்டேஜ் இறக்கம் அங்கிருந்துதான் பிறக்கிறது. கேபிளை மாற்றினால் துண்டிப்பு நிற்கும், ஆனால் சிக்னலைத் திருத்தினால் மோடம் கத்த வேண்டிய தேவையே குறையும். இரண்டையும் செய்யுங்கள்.

எண்களைப் படிக்கும் முறை: ஆர்எஸ்ஆர்பி −80ஐ விட மேலே என்றால் பலம், −100க்குக் கீழே பலவீனம், −110 என்றால் விளிம்பு. எஸ்என்ஆர் 20 என்றால் அருமை, 5க்குக் கீழே தவிப்பு, 0க்குக் கீழே இரைச்சல் சிக்னலை விடப் பெரியது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருந்து எஸ்என்ஆர் மட்டும் மோசமென்றால் தூரம் காரணமில்லை, பக்கத்தில் இரைச்சல் இருக்கிறது. உங்களுக்கு நேராகச் செருகியபோது எஸ்என்ஆர் 4 டெசிபெல் விழுந்திருக்கிறது, ஆர்எஸ்ஆர்பியும் அதே 4 விழுந்திருக்கிறது. எனவே மடிக்கணினியின் இரைச்சல் பெரிய காரணம் இல்லை, இடம்தான் காரணம்.

இருந்தாலும் பொதுவாகச் சொல்லி வைக்கிறேன். யூஎஸ்பி 3.0 தரவுத் தடம் 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரை இரைச்சல் கக்கும் என்று இன்டெல் 2012ல் அளந்தே வெளியிட்டது. எல்டிஇ பேண்ட் 40 அதற்கு நேர் கீழே, 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரை. பேண்ட் 40ல் இருக்கும் டாங்கிளுக்குப் பக்கத்துத் துறையில் 3.0 வெளி வட்டைச் செருகி கோப்பு நகலெடுத்தால் எஸ்என்ஆர் விழுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதே கணினி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஹாட்ஸ்பாட் விட்டாலும் இதே கதை. ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது செலவில்லாத மருந்து.

இடம் தேடுவது எப்படி: "சிக்னல்-கெட்" கட்டளையை வாட்ச் கட்டளையோடு 10 நொடிக்கு ஒருமுறை ஓடவிட்டு, டாங்கிளை அரை மீட்டர் அரை மீட்டராக நகர்த்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் பொறுத்து எழுதிக்கொள்ளுங்கள். நிற்கவைப்பது, படுக்கவைப்பது, இரண்டையும் பாருங்கள். கம்பி வலை, உலோகச் சட்டம், உலோகப் பூச்சுள்ள கண்ணாடி இவற்றுக்குப் பின்னால் இருந்தால் பல டெசிபெல் போகும். அளவுகோலாக எஸ்என்ஆரை எடுங்கள், வேகச் சோதனையை வேண்டாம். வேகம் அந்த நேரத்து நெரிசலைப் பொறுத்து ஆடும்.

டாங்கிளில் வெளி ஆன்டெனா துளை இருந்தால் அநேகமாக சிஆர்சி9 அல்லது டிஎஸ்9 வகை. இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், மாற்றிச் செருகினால் பிடிப்பு நிற்காது, கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். துளை இரண்டு என்றால் ஆன்டெனாவும் இரண்டு வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் இரு தடங்களும் சமமில்லாமல் போகும். ஆன்டெனா கேபிள் குட்டையாக இருக்கட்டும். மெல்லிய கோஆக்சியல் கேபிளை நீட்டினால், ஆன்டெனா சேர்த்ததை கேபிள் விழுங்கிவிடும். யூஎஸ்பி கேபிளை நீட்டி டாங்கிளை ஆன்டெனா பக்கம் கொண்டுபோவதே மேல்.

3ஜிக்கு இறங்குவதைத் தடுக்க, எம்எம்சிஎல்ஐயில் "செட்-அலவ்ட்-மோட்ஸ்" தெரிவுக்கு "4ஜி" என்று மட்டும் கொடுங்கள். இதை இடத்தைச் சரிசெய்த பிறகு செய்யுங்கள். −113ல் இருந்துகொண்டு 4ஜியை மட்டும் பிடி என்றால் 3ஜிக்குப் பதிலாக முழுத் துண்டிப்புதான் மிஞ்சும்.

பேண்ட் பூட்டுவதும் இதே ரகம். மோடம் எந்தெந்தப் பேண்ட்களைத் தாங்கும் என்று எம்எம்சிஎல்ஐ மோடம் விவரத்திலேயே காட்டும், "செட்-கரண்ட்-பேண்ட்ஸ்" தெரிவால் குறைக்கலாம். பேண்ட் 20 (800 மெகாஹெர்ட்ஸ்), பேண்ட் 28 (700), பேண்ட் 5 (850), பேண்ட் 8 (900) சுவர்களை எளிதாகத் துளைக்கும், ஆனால் அகலம் பொதுவாகக் குறைவு. பேண்ட் 3, பேண்ட் 40, பேண்ட் 7 வேகம் தரும், ஆனால் உள்ளே வர மறுக்கும். இரண்டு பேண்டுக்கு நடுவே மோடம் தாவிக்கொண்டே இருப்பதால் துண்டிப்பு என்று லாக் சொன்னால் மட்டும் பூட்டுங்கள். எந்தப் பேண்டைப் பூட்டினோம் என்பதை எழுதி வையுங்கள். வேறு ஊருக்குப் போய் மோடம் பதிவாகவில்லை என்று தவிப்பவர்களில் பலர் பழைய பூட்டை மறந்தவர்கள்.

கைபேசியில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கைபேசிக்குப் பேட்டரி உண்டு, அனுப்பும் உச்சத்தில் மின்சாரம் தடுமாறாது. ஆன்டெனாக்கள் பெரியவை, பேண்ட்கள் அதிகம். சிம் நலமென்று அந்தச் சோதனை நிரூபிக்கிறது, அந்த இடத்தில் டாங்கிளுக்குச் சிக்னல் போதும் என்று நிரூபிப்பதில்லை.

நுண்ணலை:

அலைவரி சொன்னதை முழுதாக ஏற்கிறேன். இனி இரண்டாவது, மூன்றாவது அறிகுறிகளுக்கு வருவோம். இவை சிக்னல் −70 ஆனாலும் போகாது.

சில தளம் திறக்கிறது, சில தளம் பாதியில் நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் பைட்டில் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு. மொபைல் வலையமைப்பில் உங்கள் பாக்கெட் இன்னொரு உறைக்குள் புகுந்து பயணிக்கிறது. உறைக்கும் இடம் வேண்டும், அதனால் உங்களுக்குக் கிடைக்கும் அளவு 1500ஐ விடக் குறைவாக இருக்கலாம். பெரிய பாக்கெட்டை வழியில் கைவிடும் சாதனம் "பெரிதாக இருக்கிறது" என்று ஐசிஎம்பி செய்தி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தி எங்காவது தடுக்கப்பட்டால் இரு முனைக்கும் தெரியாமல் பாக்கெட் மறைகிறது. சிறிய பாக்கெட்டுகள் போய்வரும், அதனால் பிங் வேலை செய்யும், டிஎன்எஸ் வேலை செய்யும். டிஎல்எஸ் சான்றிதழ் வரும் பெரிய பாக்கெட்டில்தான் நிற்கும்.

சோதனை: பிங் கட்டளையில் "எம்" தெரிவுக்கு "டூ" கொடுத்தால் பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்று பொருள். "எஸ்" தெரிவில் 1472 போடுங்கள். அதோடு தலைப்பகுதி 28 சேர்ந்தால் 1500. பதில் இல்லையென்றால் 1372, பிறகு நடுவில் 1422 என்று பாதி பாதியாகக் குறுக்கி, பதில் வரும் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதோடு 28 கூட்டினால் உங்கள் எம்டியூ.

கிடைத்த எண்ணை நெட்வொர்க்மேனேஜர் இணைப்பில் "ஜிஎஸ்எம்.எம்டியூ" என்ற பண்பில் எழுதி, இணைப்பை இறக்கி ஏற்றுங்கள். 1280க்குக் கீழே மட்டும் போகாதீர்கள், அந்த இடைமுகத்தில் ஐபிவி6 நின்றுவிடும். இந்தக் கணினி வழியாக வேறு சாதனங்களும் இணையத்துக்குப் போகின்றன என்றால், அவற்றுக்கு இந்த எம்டியூ தெரியாது. ஃபயர்வாலில் கடந்துபோகும் டிசிபி தொடக்கப் பாக்கெட்டுகளுக்கு எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் அடங்கும் டிசிபி தரவளவு) மதிப்பை வழியின் எம்டியூவுக்கு ஏற்பக் குறைக்கும் விதி ஒன்று வேண்டும்.

எஸ்எஸ்ஹெச் உறைவது நேட் வேலை. மொபைல் வலையமைப்பில் உங்கள் ஐபிவி4 முகவரியைப் பலர் பகிர்கிறார்கள். சும்மா இருக்கும் டிசிபி இணைப்பை நேட் குறைந்தது 2 மணி 4 நிமிடம் நினைவில் வைக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 5382 சொல்கிறது. நடைமுறையில் பல இடங்களில் சில நிமிடத்திலேயே மறந்துவிடுகிறார்கள். லினக்ஸின் சொந்த டிசிபி கீப்அலைவ் 7200 நொடி கழித்துத்தான் முதல் தட்டு தட்டும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எஸ்எஸ்ஹெச் பயனர் அமைப்பில் "சர்வர்அலைவ்இண்டர்வல்" 30 என்றும் "சர்வர்அலைவ்கவுண்ட்மேக்ஸ்" 4 என்றும் போடுங்கள். வயர்கார்டு விபிஎன் பயன்படுத்தினால் "பெர்சிஸ்டண்ட்கீப்அலைவ்" 25.

கருந்திரை:

பிங்கில் 1412 வரை பதில் வருகிறது, 1413க்கு இல்லை. 1440 போட்டதும் நின்ற தளங்கள் எல்லாம் திறக்கின்றன. எஸ்எஸ்ஹெச் இரண்டு மணி நேரமாக உறையவில்லை. அடாப்டர் ஹப், 28/24 கேபிள், ஜன்னலின் மறுபக்கச் சுவர்: இப்போது ஆர்எஸ்ஆர்பி −98, எஸ்என்ஆர் 9. வயர்கார்டுக்கும் எம்டியூ மாற்ற வேண்டுமா?

நுண்ணலை:

ஆம். வயர்கார்டின் வெளி உறை ஐபிவி4 என்றால் 1440இலிருந்து 60, ஐபிவி6 என்றால் 80 கழிக்க வேண்டும். எது என்று உறுதியில்லாவிட்டால் 80ஐயே கழித்து 1360 போடுங்கள்.

மென்தட்டு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது உள்ளே பொருத்திய எம்.2 அட்டை. எம்எம்சிஎல்ஐ பட்டியலில் தெரிகிறது, ஆனால் இயக்கினால் "லோ பவர்" நிலையிலேயே நிற்கிறது. இதுவும் மின்சாரச் சிக்கலா?

அலைவரி:

இல்லை, அது எஃப்சிசி பூட்டாக இருக்கும். மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் சில அட்டைகளை ரேடியோ அணைந்த நிலையில் விடுகிறார்கள், திறக்கும் கட்டளை வந்தால்தான் அலை வெளியே போகும். மோடம்மேனேஜர் 1.18.4 முதல் இதைத் தானாகச் செய்வதில்லை. அதனோடு வரும் திறப்பு ஸ்கிரிப்ட்கள் "எஃப்சிசி-அன்லாக்.அவைலபிள்.டி" அடைவில் இருக்கும். உங்கள் அட்டையின் தயாரிப்பாளர் எண், சாதன எண் பெயருள்ளதை ஈடிசி அடைவில் மோடம்மேனேஜரின் கீழுள்ள "எஃப்சிசி-அன்லாக்.டி" அடைவுக்குள் இணைப்பாக வைத்து, சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். அதற்கு முன் ரேடியோ அணைப்பு நிலையைக் காட்டும் ஆர்எஃப்கில் பட்டியலைப் பாருங்கள், விமானப் பயன்முறை பொத்தான் அழுந்தியிருந்தாலும் இதே போலத் தெரியும். மேலும் கேட்க வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், அட்டை பெயரோடு.

கருந்திரை:

கடைசியாக இரண்டு. கணினி தூங்கி எழுந்தால் மோடம் சில நேரம் இணைவதில்லை. எப்போதாவது அறுந்தாலும் தானே எழும்படி ஒரு காவல் ஸ்கிரிப்ட் எழுதலாமா? நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய்து, பதில் இல்லையென்றால் மோடத்தை ரீசெட் செய்வதாக யோசனை.

சுருள்கம்பி:

எழுதலாம், ஆனா அந்த வடிவத்துல வேண்டாம். ஒரு பிங் தவறினதுக்கு ரீசெட் அடிச்சா நல்ல இணைப்பையே கொன்னுடுவீங்க. பெரிய கோப்பு போயிட்டிருக்கும்போது மோடம் வரிசை நிரம்பி பிங் பல நொடி தாமதமாகும், அது துண்டிப்பு இல்லை. வரிசை நிரம்புறதைத் தடுக்க, டிசி கட்டளையில கேக்ங்கிற வரிசை ஒழுங்கியை மோடம் இடைமுகமான டபிள்யூவான்0 மேல போட்டு, உங்க அனுப்பும் வேகத்துல 80 சதவீதத்தை வரம்பாக் கொடுங்க. கர்னல் 4.19லேயே கேக் வந்தாச்சு, டெபியன் 12ல தயாரா இருக்கு.

காவலுக்கு முதல்ல நெட்வொர்க்மேனேஜர்லயே "கனெக்ஷன்.ஆட்டோகனெக்ட்-ரிட்ரைஸ்" பண்பை 0 ஆக்குங்க. இயல்பா 4 முறை முயற்சி பண்ணிட்டு கொஞ்ச நேரம் ஓய்ஞ்சுடும், 0ன்னா ஓயாது. பெரும்பாலான துண்டிப்புக்கு இதுவே போதும்.

அப்புறம் சிஸ்டம்டி டைமர், 60 நொடிக்கு ஒருமுறை. டபிள்யூவான்0 இடைமுகத்தைக் குறிப்பிட்டே பிங் பண்ணுங்க, இல்லைன்னா வைஃபை வழியாப் போய் "நலம்"னு சொல்லிடும். ரெண்டு வெவ்வேறு முகவரி, ஒவ்வொண்ணுக்கும் 3 பாக்கெட், 5 நொடி காத்திருப்பு. ரெண்டுமே பதில் தராம, அப்படி அடுத்தடுத்து 3 முறை ஆனாத்தான் தோல்வின்னு எடுத்துக்கணும். முதல் தோல்விக்கு நெட்வொர்க்மேனேஜரோட கட்டளையான என்எம்சிஎல்ஐயால இணைப்பை இறக்கி ஏத்துங்க. 5 நிமிஷம் கழிச்சும் இல்லைன்னா எம்எம்சிஎல்ஐ ரீசெட். அதுக்கும் மசியலைன்னா யூஹப்சிடிஎல் நிரலால ஹப் துறையோட மின்சாரத்தை 10 நொடி அணைச்சுப் போடுங்க. துறைக்குத் துறை மின்சாரம் அணைக்கத் தெரிஞ்ச ஹப்புல மட்டும்தான் இது நடக்கும், எல்லா ஹப்பும் அப்படி இல்லை.

ஸ்கிரிப்ட்ல மோடம் எண்ணை 0ன்னு எழுதாதீங்க. ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் எண் கூடிக்கிட்டே போகும். எண்ணுக்குப் பதிலா "எனி"ன்னு கொடுங்க. மோடத்தோட நேரா கியூஎம்ஐல பேசுற கியூஎம்ஐசிஎல்ஐ நிரலைக் கூப்பிட்டா "பி" தெரிவு கட்டாயம், அது ப்ராக்ஸி வழியாப் போகும். இல்லைன்னா மோடம்மேனேஜரும் அதுவும் ஒரே வாசலுக்கு அடிச்சுக்கும்.

அலைவரி:

அந்த 5 நிமிட இடைவெளியைக் குறைக்க நினைக்காதீர்கள், அதற்கு ஒரு காரணம் உண்டு. எல்டிஇ விதிப்படி இணைய முயன்று 5 முறை தோற்றால் சாதனம் டி3402 என்ற கடிகாரத்தைத் தொடங்கும். அதன் இயல்பு மதிப்பு 12 நிமிடம். அது ஓடும்வரை மோடம் அந்த வலையமைப்பில் எல்டிஇயில் மறுபடி இணைய முயலாது. லாக்கில் பிழை ஒன்றும் இருக்காது, சிக்னலும் தெரியும், பதிவு மட்டும் ஆகாது. அவசரப்பட்டு இணைப்பை ஏற்றி இறக்கும் ஸ்கிரிப்ட் இந்த நிலைக்குத் தானே தள்ளிவிடும். சற்றுப் பொறுத்து இணைந்திருக்கக்கூடிய மோடம் கால் மணி நேரம் வாய்மூடிக் கிடக்கும்.

தூக்கத்துக்கு: சிஸ்டம்டியின் "சிஸ்டம்-ஸ்லீப்" அடைவில் ஒரு ஸ்கிரிப்ட். "ப்ரீ" என்று அழைக்கும்போது இணைப்பை இறக்கட்டும். "போஸ்ட்" என்று அழைக்கும்போது மோடம்மேனேஜர் சேவையை மறுதொடக்கம் செய்யட்டும். மோடத்தின் துறைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து மோடம்மேனேஜர் தயாராக அரை நிமிடம் வரை ஆகும், அதற்குள் இணைக்கச் சொல்லாதீர்கள். காவல் டைமரும் எழுந்த முதல் 2 நிமிடம் சும்மா இருக்கட்டும்.

கருந்திரை:

4ஜி மட்டும் என்று இப்போது பூட்டலாமா, எஸ்என்ஆர் 9ல்?

அலைவரி:

பூட்டலாம். மாலை நெரிசல் நேரத்தில் ஒருமுறை எஸ்என்ஆரை அளந்து பாருங்கள். அப்போதும் 5க்கு மேல் நின்றால் பூட்டை வைத்துக்கொள்ளுங்கள், இறங்கினால் எடுத்துவிட்டு வெளி ஆன்டெனாவுக்குப் போங்கள்.